மிளகளவு நிலா

1

இந்தக் கதை என் மூக்கின் இடப்பக்கம் இருக்கும் மருவிலிருந்து பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஒன்றைச் சொல்ல எனக்கும் ஆசைதான். செவ்வாய், விண்கலம், துணைக்கோள் என்றெல்லாம் வரப்போகிற கதை ஏதாவது மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு தொடங்கியிருந்தால் பெருமையாக இருந்திருக்கும். நடந்தது என்னவென்றால், இந்தியா போக எனக்கு விசா தேவைப்பட்டது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டேன். விசா கவுண்டரில் இருந்த பெண் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"அங்கிள், இது நீங்கதானா?"

படத்தில் மரு இல்லை. கண்ணுக்குக் கீழே பாடுபட்டுச் சேர்த்த சுருக்கங்களும் இல்லை. என் தம்பி மகன் மாதிரி ஒருவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சண்டை போடத்தான் திரும்பிப் போனேன். நான் கத்தி முடித்ததும், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள்.

"சாரி அங்கிள். அன்னிக்கு நான் லீவு. அது பாஸ் செஞ்சது. நான்னா கேட்டுட்டுத்தான் கை வெப்பேன்."

"அதென்ன நீ மட்டும் அவ்வளவு நியாயம்?" என்றேன். கோபம் இன்னும் இறங்கியிருக்கவில்லை.

"நான் ஒரு தடவை ஒரு நிலாவையே அழிச்சிட்டேன் அங்கிள்" என்றாள்.

இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு எந்த எழுத்துக்காரன் திரும்பி வீட்டுக்குப் போவான்? உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னாள். ஓர் இடம் வரைக்கும் சொன்னாள். அந்த இடம் வரும்போது உங்களுக்கும் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். விண்கலத்தின் பெயரைச் சொல்லாமலே விட்டிருக்கிறேன், ஏனென்றால் அதற்கும் இந்தக் கதையில் நான் கட்டிச் சொல்லும் ஆட்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

2

தொடக்கங்கள்.

[செவ்வாய்க்கு இரண்டு நிலாக்கள். அவற்றில் சிறியதற்கு டெய்மோஸ் என்று பெயர். அது உருளைக்கிழங்கு வடிவில்—]

என் எழுத்தை முதலில் படிப்பவர் அமுதவள்ளி. பந்திங்கில் பள்ளி ஆசிரியை. சிவப்புப் பேனா இல்லாமல் கல்யாணப் பத்திரிகையைக்கூடப் படிக்க மாட்டார். மேலே உள்ளதன் ஓரத்தில் "நாலாம் வகுப்பு அறிவியல்" என்று எழுதி அனுப்பினார்.

[கிள்ளான் ஆற்றின் மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, மலர்விழியின் மனத்திலும்—]

இதை அவர் பார்ப்பதற்கு முன் நானே நிறுத்திவிட்டேன். கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறது.

[அவள் செய்தது ஒரு கொலை.]

இதற்கு ஃபோனே வந்துவிட்டது. "யார லா கொன்னா? யாரும் கொல்லலையே. வாசகரக் கூப்பிட்டு உக்கார வெச்சு ஏமாத்துறீங்க."

வெட்டிய வாக்கியங்களைத் துடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். வழக்கமாக நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. என் கதைகள் எல்லாம் சலவைக்குப் போய் இஸ்திரி போட்டுத்தான் வெளியே வரும். இந்தக் கதையில் மட்டும் துடைக்கப் பயமாக இருக்கிறது.

ஆகவே, சாதாரணமாகத் தொடங்குகிறேன். அந்த ஸ்டூடியோப் பெண் மலர்விழி, காப்பாரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்கு வேலைக்கு வருகிறவள். ராஜன் என்பவருடைய ஸ்டூடியோ. படம் எடுப்பது ராஜன், எடுத்த படத்தைச் சுத்தம் செய்வது மலர்விழி. கல்யாணப் பெண்ணின் பருத் தழும்பு, மாப்பிள்ளையின் தொப்பை, குடும்பப் படத்தில் பின்னால் தெரியும் குப்பைத்தொட்டி எல்லாம் அவள் கையில் காணாமல் போகும். மாலை போடுவதற்காகப் பெரிதாக்கும் படங்களில் இன்னும் கவனம். போய்ச் சேர்ந்தவர் முகத்தில் ஒரு குறை இருக்கக் கூடாது என்பது ராஜனின் கொள்கை. அதனால் கிள்ளானில் இறந்தவர்கள் எல்லோரும் சுவரில் ஒரே சோப்புப் போட்டுக் குளித்தவர்களைப் போல இருப்பார்கள்.

(ஓர் அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: மலர்விழி பயன்படுத்தும் கருவியின் பெயர் 'குணப்படுத்தும் தூரிகை'. நான் வைத்த பெயர் இல்லை, மென்பொருளில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு புள்ளியின் மேல் வைத்து அழுத்தினால் சுற்றியுள்ள தோலைக் கொண்டுவந்து அந்த இடத்தை மூடிவிடும். அங்கே ஏதோ இருந்தது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.)

3

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் லோஜினி வந்தாள். வீடு கேஎல் பிரிக்ஃபீல்ட்ஸில், வேலை கிள்ளானில், மருந்தாளர். சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்திருந்தாள். கையில் ஒரு பென்டிரைவ்.

"ரெண்டு படம். ரெண்டும் ஒரே சைஸ்ல பெருசா வேணும், ஃபிரேம் போட்டு. பக்கத்துல பக்கத்துல மாட்டணும்."

"யாருது அக்கா?"

"ஒண்ணு எங்கண்ணன். இன்னொண்ணு அவர் வேலை செஞ்ச படம், செவ்வாய். அம்மாவுக்கு ரெண்டுமே முக்கியம். ஞாயித்துக்கிழம அண்ணனோட முப்பத்தோராம் நாள் காரியம். சனிக்கிழம வந்து எடுத்துக்குறேன். கொஞ்சம் கிளீனா போட்டுக் குடுங்க, ப்ளீஸ்."

அண்ணன் பெயர் ஐங்கரன். ஐரோப்பாவில் வேலை. ஒரு காலையில் அலுவலகப் படியேறும்போது மாரடைப்பு. அங்கேயே தகனம் செய்து, சாம்பல்தான் வீடு வந்தது.

கிளீனாக என்று சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. மலர்விழி முதலில் ஐங்கரனைத் திறந்தாள். இடக் கன்னத்தில் மிளகளவு மச்சம். இரண்டு சொடுக்கில் போனது. அடுத்ததைத் திறந்தாள். கறுப்புப் பின்னணியில் பெரிய தாமிர நிற வட்டம். வட்டத்தின் இடப்பக்கம், நடுவுக்குக் கொஞ்சம் கீழே, மிளகளவு ஒரு கறுப்பு. லென்ஸில் தூசு. ராஜனின் பழைய கேமராவில் தினமும் பார்க்கிற சங்கதி. இரண்டு சொடுக்கு.

கோப்பின் பெயர் deimos_final என்று இருந்தது. படம் எடுத்த வெள்ளைக்காரரின் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நல்ல வேலைதான் செய்கிறார், ஆனால் லென்ஸைத் துடைக்கத் தெரியவில்லை என்றும் நினைத்தாள்.

4

ஐங்கரன் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சாவதற்கென்றே கதைக்குள் வந்த ஆள். இப்படி ஒருவரைக் கொண்டுவந்து, கொன்று, அவர் பேரில் வாசகரின் கண்ணீரை வசூலிப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். அவர் எப்படிப் பேசுவார், கோப்பியில் சீனி போடுவாரா, யாரைக் காதலித்தார், ஒன்றும் எனக்குத் தெரியாது. அவர் என்ன வேலை செய்தார் என்பது மட்டும் தெரியும். அவரும் படங்களைத் துடைத்தார்.

விண்கலம் அனுப்பும் படங்கள் நாம் பத்திரிகையில் பார்ப்பது போல வருவதில்லை. தூசுப் புள்ளிகள் இருக்கும். எங்கிருந்தோ பாய்ந்து வந்த கதிர்கள் குத்திய வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். ஒருவர் உட்கார்ந்து எது அழுக்கு, எது நிஜம் என்று பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. அடுத்தடுத்து எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பார்கள். தூசு லென்ஸோடு ஒட்டிக்கொண்டு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். நிலா தன் பாட்டுக்கு நகர்ந்து போகும்.

மலர்விழியிடம் இருந்தது ஒரே ஒரு படம். அவளுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

அந்த நிலாவைப் பற்றியும் கொஞ்சம். அதன் அகலம் ஏறக்குறைய கிள்ளானிலிருந்து காப்பார் வரை, பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர், அவ்வளவுதான். மலர்விழி தினமும் மோட்டாரில் அதைத் தாண்டி வருகிறாள் என்று சொல்லலாம். எப்போதும் ஒரே முகத்தைத்தான் செவ்வாய்க்குக் காட்டும். வேறெங்கோ போகிற வழியில் அந்தப் பக்கமாகக் கடந்த விண்கலம் ஒன்று, செவ்வாய் பின்னால் தெரிய, அதன் மறுபக்கத்தைப் படம் பிடித்தது. செவ்வாயில் நின்று பார்த்தால் ஒருநாளும் தெரியாத பக்கம். இந்தக் கதையின் படமும் அந்த வகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு அமுதவள்ளி மறுபடியும் அழைத்தார். "மச்சமும் மிளகு, நிலாவும் மிளகு. அண்ணனும் துடைக்கிற வேல, இந்தப் பொண்ணும் துடைக்கிற வேல. ரொம்பப் பொருத்தமா இருக்கு, யாரும் நம்ப மாட்டாங்க. மச்சத்த எடுத்துடுங்க."

அவர் சொல்வது சரி. எடுத்தால் கதை இன்னும் அழகாகும். ஆனால் அந்த மச்சம் இருந்தது. எடுத்தால் எனக்கும் ராஜனுக்கும் என்ன வித்தியாசம்? இருக்கட்டும் என்றேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார், கொஞ்சம் வேகமாக.

5

முப்பத்தோராம் நாள் கழிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. மழை பெய்து கடையில் ஈயாடிய ஒரு பிற்பகலில், மலர்விழி பழைய கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தாள். deimos_final கண்ணில் பட்டது. அந்த வெள்ளைக்காரர் வேறென்ன படமெல்லாம் எடுத்திருக்கிறார் பார்ப்போமே என்று ஃபோனில் அந்தப் பெயரைத் தட்டினாள்.

முதலில் வந்ததே போதுமாயிருந்தது. டெய்மோஸ் ஆள் இல்லை.

கன்னம் சுட்டது என்று சொன்னாள் என்னிடம். "அந்தப் படமே அந்தப் புள்ளிக்காகத்தான் எடுத்தது அங்கிள். செவ்வாய் சும்மா பின்னால நிக்குது." தினமும் முகத்தைக் காப்பாற்றிப் பின்னணியைத் துடைக்கிறவள், அன்றைக்குப் பின்னணியைக் காப்பாற்றி முகத்தைத் துடைத்திருந்தாள்.

ராஜனிடம் போய்ச் சொன்னாள்.

"கஸ்டமர் ஏதாச்சும் கம்ப்ளேய்ன் பண்ணாங்களா?"

"இல்ல பாஸ்."

"அப்புறம் என்ன லா? சும்மா இருக்கிறதப் போயிக் கிளறாத. கடைப் பேருதான் கெடும்."

ஆனால் ராஜன் மோசமான ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதைப் போல, "அந்தப் பெரிய பேப்பர் ரோல்ல கடைசித் துண்டு ஒண்ணு கிடக்கு, சும்மாதான் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

மலர்விழி அசல் கோப்பைத் திறந்து, எதையும் தொடாமல், தன் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு அச்சிட்டாள். பிறகு லோஜினியை அழைத்தாள்.

"அக்கா, அந்தச் செவ்வா படம் பிரிண்ட் சரியா வரல. வேற போட்டு வெச்சிருக்கேன்."

"அப்படியா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே. நான் டியூட்டில இருக்கேன். அம்மா வீட்லதான் இருக்காங்க. முடிஞ்சா கொண்டுபோயிக் குடுத்துடுங்களேன்."

லோஜினிக்கு அது செவ்வாய்ப் படம், அவ்வளவுதான். நிலாவைப் பற்றி அண்ணன் பேசியதெல்லாம் அம்மாவிடம்.

6

கிள்ளானில் கொமியுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, உருளையாகச் சுருட்டிய படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தாள். போகிற வழி முழுவதும் வாக்கியம் தயாரித்தாள். எனக்கு அந்த வேலை பழக்கம் என்பதால் அவள் கஷ்டம் புரிகிறது. [ஆன்டி, ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு.] சின்னதா? [ஆன்டி, உங்க மகனோட நிலாவ நான்—] அதற்கு மேல் வரவில்லை.

கதவைத் திறந்தவர் சிவமலர். ஐங்கரனின் அம்மா. ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முகத்தை மலர்விழியின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"ஸ்டூடியோ பிள்ளையா? வா, வா. லோஜினி ஃபோன் பண்ணா. படம் ரொம்ப நல்லாப் போட்டிருக்கீங்க. அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் எங்க போட்டதுன்னு கேட்டாங்க."

ஹாலில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில். ஐங்கரனுக்குச் சந்தன மாலை. மலர்விழி அவன் முகத்தைப் பார்த்தாள். இடக் கன்னத்தில், கண்ணாடியின் மேல், ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு.

"அதுவா? மச்சம், பிள்ளை. படத்துல எனக்குத் தெரியல. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்போமில்ல, இவனுக்கு நான் வெச்சதே இல்ல. பிறக்கும்போதே வெச்சுக்கிட்டுத்தான் வந்தான். முகத்தக் கடைசியா ஒரு தடவ பாக்கவும் குடுத்து வைக்கல. படத்துலயாவது என் பிள்ளையா இருக்கணுமில்ல? லோஜினியோட அட்டையில ஒரு பொட்டு எடுத்து ஒட்டிட்டேன்."

மச்சத்தை எடுத்தது தப்பு என்று மலர்விழிக்கு அந்த நிமிடம் வரைக்கும் தோன்றியதே இல்லை. நிலாவுக்காக மட்டும்தான் அவள் வந்திருந்தாள்.

"இங்க பாரு" என்று சிவமலர் அடுத்த படத்துக்குப் போனார். செவ்வாயின் மேலும் ஒரு பொட்டு இருந்தது. இடப்பக்கம், நடுவுக்குக் கொஞ்சம் கீழே. மலர்விழி தூரிகை வைத்த அதே இடம். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"இங்க ஒரு குட்டி நிலா இருக்கு. வீடியோ கால்ல காட்டினான். 'அம்மா, செவ்வாய்க்கும் என்னை மாதிரியே கன்னத்துல மச்சம் பாத்தீங்களா'ன்னு ஒரே சிரிப்பு. அப்ப ஃபோன்லயே தெரிஞ்சது. இப்ப இவ்வளவு பெருசா மாட்டியும் என் கண்ணுக்குத் தெரியல. புரை முத்திப்போச்சு. எத்தனையோ தடவ டாக்டர் சொல்லியும் பயந்துக்கிட்டு ஆப்பரேஷன் வேணாம்னுட்டேன். இதப் பாக்க முடியலையேன்னுதான் இப்ப சரின்னேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. அது முடிஞ்சா பொட்ட எடுத்துட்டு நெசத்தயே பாத்துக்கலாம்."

மலர்விழியின் அக்குளில் உருளை நழுவியது. இறுக்கிப் பிடித்தாள்.

"அதென்ன பிள்ளை கையில?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சிவமலரே, "சரி, அது இருக்கட்டும்" என்று அவள் முழங்கையைப் பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் இழுத்தார். "உனக்கு நல்ல கண்ணு, படத்தோட வேல செய்யிற கண்ணு. பொட்ட லேசாப் பிரிச்சு, நிலா மேலதான் ஒட்டியிருக்கேனான்னு பாத்துச் சொல்லு. தள்ளி ஒட்டியிருந்தா அவனுக்குப் பிடிக்காது. லோஜினி எப்பவும் அவசரத்துல இருப்பா, கேட்டா சும்மா ஆமான்னுடுவா. நீ சொன்னா நான் நம்புவேன்."

மலர்விழி என்னிடம் சொன்னது இது வரைக்கும்தான்.

7

இதற்குப் பிறகு வருவதெல்லாம் என் கைவேலை.

முதல் முடிவில் அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அம்மா அழுகிறார், பிறகு அவள் தலையைத் தடவி மன்னிக்கிறார், இருவரும் சேர்ந்து புதுப்படத்தை மாட்டுகிறார்கள். எழுதும்போது நானே அழுதேன். அமுதவள்ளி அழவில்லை. "அந்தம்மா மன்னிச்சா உங்களுக்கு நிம்மதி, அந்தப் பொண்ணுக்கு நிம்மதி. அந்தம்மாவுக்கு என்ன கெடைச்சது?" என்றார்.

இரண்டாம் முடிவில் அவள், "சரியான இடத்துலதான் ஒட்டியிருக்கீங்க ஆன்டி" என்கிறாள். கவனியுங்கள், அது பொய் இல்லை. பிறகு சிவமலர் மருத்துவமனையில் இருக்கும்போது லோஜினியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு படத்தை மாற்றிவிடுகிறாள். கட்டு அவிழ்கிறது, அம்மா பொட்டை எடுக்கிறார், நிலா இருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் பல நாள் இதுதான் பிடித்திருந்தது. ஆனால் இதில் மலர்விழி மறுபடியும் ஒரு கறையைத்தான் துடைக்கிறாள், இந்த முறை தன்னுடையதை. அங்கே ஏதோ இருந்தது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு பயந்த ஆப்பரேஷனுக்கு அந்த அம்மா சம்மதித்ததே படத்தில் இல்லாத நிலாவைத் தேடித்தான் என்பதும் அதோடு மறைந்துவிடும்.

மூன்றாம் முடிவில் அவள் ஒன்றும் சொல்லாமல் உருளையோடு திரும்பிவிடுகிறாள். ஆப்பரேஷன் முடிந்து சிவமலர் வீட்டுக்கு வருகிறார். தெளிந்த கண்ணோடு படத்தின் முன்னால் நின்று, பொட்டைப் பிரித்து—

[இதை எழுத முடியவில்லை. மூன்று தடவை உட்கார்ந்து பார்த்தேன்.]

விசாப் படத்தை மறுபடி எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனபோது மலர்விழியிடமே கேட்டேன். "கடைசியில என்னம்மா செஞ்ச?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஓர் இளம் ஜோடி உள்ளே வந்தது, திருமணப் பதிவுக்குப் படம் எடுக்க. ராஜன் அவர்களை உட்காரவைத்து எடுத்தார். படம் திரைக்கு வந்ததும் மலர்விழி அந்தப் பையனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நெத்தியில தழும்பு இருக்கு. இருக்கட்டுமா, எடுக்கணுமா?"

அவன் கொஞ்சம் திகைத்து, பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தான். "இருக்கட்டும்" என்றாள் அந்தப் பெண், அவனுக்கு முன்னால். பிறகு மலர்விழி என் பக்கம் திரும்பினாள்.

"உங்க மரு, அங்கிள்?"

"அதுவும் இருக்கட்டும்."

நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் சொல்லிவிட்டால் அது அவளுடைய பதிலாகிவிடும். உங்களுக்கும் எனக்கும் முடிவெடுக்கும் வேலை மிச்சமாகிவிடும்.

8

ஆகவே அந்த ஹாலுக்கே திரும்பிப் போகிறேன். ஜன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று போகிறது. சமையலறையில் கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்கிறது. மலர்விழியின் இடக்கையில் உருளை, அதற்குள் நிலா. வலக்கைப் பெருவிரல் நகம் பொட்டின் ஓரத்தில் இருக்கிறது. ஓரம் கொஞ்சம் தூக்கியிருக்கிறது. அடியில் என்ன இருக்கிறது என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும், இப்போது உங்களுக்கும்.

சிவமலர் அவசரப்படுத்தவில்லை. படத்தைப் பார்க்கவும் இல்லை. தனக்கு மங்கலாகத் தெரிகிற மலர்விழியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நான் பேனாவை மூடிவைக்கிறேன். மலர்விழி நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நீங்கள் நில்லுங்கள். உங்களிடம்தான் கேட்கிறார்.

"இருக்கா, பிள்ளை?"